மருத்துவர் இன்மை குறித்த ஓர் ஆய்வு

டாக்டர் அறையின் பூட்டைத் திறக்க வேண்டும் என்று சிஸ்டரே கடைக்கு நேரில் வந்து சொன்னபோது, பூட்டுக்காரர் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டார். அரசு மருந்தகத்தில் அந்த அறை பூட்டிக் கிடந்து இரண்டு வருடம் இரண்டு மாதம் ஆகியிருந்தது. கடைசியாக இருந்த டாக்டர் மாற்றலாகிப் போகிறபோது சாவியையும் மறந்துபோய்ச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். டாக்டரே இல்லாத இடத்தில் டாக்டர் அறைக்குச் சாவி எதற்கு என்று அதன்பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

"டாக்டர் வர்றாரா சிஸ்டர்?"

"யாரோ வர்றாங்க அண்ணே. மேலேருந்து போன் வந்துச்சு. அறையைத் திறந்து பெருக்கி வைக்கச் சொன்னாங்க. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

பூட்டுக்காரருக்கு அவ்வளவே போதுமானதாக இருந்தது. அவர் மனைவியின் வலது பாதத்தில் ஐந்து வாரமாக ஒரு புண். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள சலவைக் கடையில் நாள் முழுக்க நின்றபடி துணி தேய்ப்பவள் அவள். ஏழு வருடமாகச் சர்க்கரை. கணுக்காலுக்குக் கீழே உணர்ச்சி போய் ரொம்ப நாளாகிவிட்டது. தரையில் ரத்தக் கறையைப் பார்த்துத்தான் காலில் ஏதோ குத்தியிருக்கிறது என்றே தெரிந்துகொண்டாள். என்ன குத்தியது என்று அவளுக்குத் தெரியவில்லை. பூட்டுக்காரருக்கு மட்டும் ஒரு சந்தேகம். வீட்டின் முன்னறைதான் அவருடைய கடை. சாவி ராவும்போது பித்தளைத் துகள் நாலாபக்கமும் தெறிக்கும். முன்பெல்லாம் நாளைக்கு இரண்டு தடவை பெருக்குவார். இப்போது ஐந்து தடவை பெருக்கினார். சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்லவில்லை.

புண்ணுக்குச் சிஸ்டர் கட்டுப் போட்டுவிடுவார். அதற்கு மேல் அவரால் எதுவும் செய்ய முடியாது. மாத்திரைகள் மருந்தக அலமாரியில் டப்பா டப்பாவாக இருந்தன. டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் அலமாரியிலிருந்து எடுக்கலாம் என்பது விதி. பெரிய ஆஸ்பத்திரி பஸ்ஸில் மூன்று மணி நேரத் தூரம். ஒருமுறை போய்ப் பார்த்தார்கள். மருந்தக டாக்டரின் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் சீட்டுப் போட முடியாது என்று சன்னலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"எங்க ஊர்ல டாக்டரே இல்லீங்க" என்றார் பூட்டுக்காரர்.

"அப்ப அவர் வந்ததும் வாங்கிட்டு வாங்க" என்றார் சன்னலுக்குள் இருந்தவர், கொஞ்சம்கூடக் கோபப்படாமல்.

பூட்டு துருவேறி இறுகியிருந்தது. மண்ணெண்ணெய் விட்டு, கம்பியை வளைத்து நெம்பி, இருபது நிமிடத்தில் திறந்தார். உள்ளே மேசை, நாற்காலி, நோயாளி படுக்கும் கட்டில். சுவரில் இரண்டு வருடத்துக்கு முந்தைய நாட்காட்டி. கை கழுவும் குழாயின் வாயில் குளவி கூடு கட்டியிருந்தது. அதை இடித்து, சிஸ்டரோடு சேர்ந்து தரையைக் கழுவி, கதவுக் கீலுக்கு எண்ணெயும் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்பினார். "வந்துருவாங்கபோல" என்றார் மனைவியிடம். அவள் அன்றைக்குக் காலைக் கழுவிப் புதுக்கட்டுப் போட்டுக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மூன்று வண்டிகள் வந்தன. அவற்றிலிருந்து ஏசி ஒன்றும், ஆறு கணினிகளும், ஒரு காபி இயந்திரமும் இறங்கின. நோயாளிக் கட்டில் வராந்தாவுக்குப் போனது. வாசலில் ஆள் உயரப் பலகை ஒன்றை மாட்டினார்கள்: 'குறைந்த வருமான நாடுகளின் நலவாழ்வு, ஆளுகை, மேம்பாடு – உயராய்வு நிறுவனம், கள அலுவலகம்.'

நிறுவனத்தின் இயக்குநர் மென்மையாகப் பேசுகிறவர். எதிரே யார் நின்றாலும் இரண்டு கையாலும் அவர்கள் கையைப் பிடித்துக்கொள்வார். பூட்டுக்காரர் கையையும் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர் எப்ப சார் வருவாரு?"

இயக்குநர் சட்டென்று திரும்பித் தம் ஆட்களைப் பார்த்தார். "கேட்டீங்களா? இதைத்தான் மக்களோட ஞானம்னு நான் சொல்றது. எட்டு மாசம் உக்காந்து, மூணு நாட்டு நிபுணர்களைக் கூப்பிட்டு, நாம உருவாக்கின கேள்வி இது. இவர் நின்ன நிலையில கேட்டுட்டார்."

"பதில் என்னங்க சார்?"

"ரெண்டு வருஷத்துல வந்துரும்."

பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். டாக்டர் இல்லாத மருந்தகங்களில் என்ன நடக்கிறது என்பதே ஆய்வு. நாற்பது ஊர்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். டாக்டர் இருக்கிற ஊரில் இதைச் செய்ய முடியாது அல்லவா? அந்த வகையில் இந்த ஊர் மிகப் பொருத்தம். நாற்பதில் முதலிடம். சிஸ்டர் இதற்குச் சந்தோஷப்பட வேண்டுமா என்று தெரியாமல் பூட்டுக்காரரைப் பார்த்தார்.

அடுத்த வாரம் கேள்வி கேட்க ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். தெருவில் எல்லோரும் அவளைக் கேள்விப்பெண் என்றுதான் சொன்னார்கள். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு கேள்விகள். அதற்கு முன்னால் பதினோரு பக்கச் சம்மதப் படிவம்.

"இதுல நீங்க எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம்க்கா" என்றாள்.

"எதுலேருந்தும்மா?" என்று கேட்டாள் மனைவி.

"ஆய்வுலேருந்து."

"நான்கூடப் புண்ணுலேருந்துன்னு நெனச்சேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

நாற்பத்தேழாவது கேள்வி வரைக்கும் சிக்கலில்லாமல் போயிற்று. நாற்பத்தெட்டில் கேள்விப்பெண் கையிலிருந்த கருவியைப் பார்த்துப் படித்தாள்: "கடந்த மூன்று மாதங்களில் மருத்துவர் உங்களை மரியாதையாக நடத்தினாரா? எப்போதும், சில சமயம், இல்லவே இல்லை."

"டாக்டர்தான் இல்லையேம்மா" என்றார் பூட்டுக்காரர்.

"தெரியும்ண்ணே. ஆனா மூணுல ஒண்ணு அமுக்கினாத்தான் அடுத்த கேள்வி வரும். டாக்டர் இருக்காரா?"

"இல்லை."

"இல்லவே இல்லையா?"

"இல்லவே இல்லை."

அவள் அதை அமுக்கினாள். அடுத்த கேள்வி வந்தது.

கடைசியில் கட்டைப் பிரிக்கச் சொல்லி, புண்ணுக்குப் பக்கத்தில் ஒரு காகித அளவுகோலை வைத்துப் படம் எடுத்தாள். இரண்டு சென்டிமீட்டர். பிறகு பையை மூடிக்கொண்டு எழுந்தாள்.

"மருந்து எதுவும் போடலையா?"

"நாங்க பாக்க மட்டும்தான்க்கா செய்யணும். கை வெச்சா தரவு கெட்டுரும்."

"கை வெக்காட்டி கால் கெட்டுருமேம்மா."

கேள்விப்பெண் செருப்பை மாட்டியபடி தெருவை இருபுறமும் பார்த்தாள். "கட்டு மட்டும் சுத்தமா வெச்சுக்கோங்க. இதை நான் சொன்னேன்னு சொல்லாதீங்க" என்றாள். மாதம் ஒருமுறை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டாவது முறை வந்தபோது புண் மூன்று சென்டிமீட்டர். அதற்குள் நிறுவனத்தின் இடைக்கால அறிக்கை வெளியாகியிருந்தது. நாற்பது ஊர்களிலும் தொண்ணூற்று நான்கு விழுக்காட்டினர், மருத்துவர் தங்களை மரியாதையாக நடத்தவே இல்லை என்று சொல்லியிருந்தார்கள். சுகாதாரத் துறை இதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டது. நாற்பது ஊர் டாக்டர்களும் மூன்று நாள் நற்பண்புப் பயிற்சிக்கு உடனே வர வேண்டும் என்று உத்தரவு போட்டது. டாக்டர் இல்லாத பட்சத்தில் அவருக்குப் பதிலாக அடுத்த நிலையில் உள்ளவர் வர வேண்டும். அடுத்த நிலையில் சிஸ்டர் மட்டும்தான் இருந்தார். அதற்கடுத்த நிலையில் பூனை ஒன்று இருந்தது. மருந்தகம் மூன்று நாள் பூட்டப்பட்டது.

நான்காம் நாள் சிஸ்டர் சான்றிதழோடு திரும்பினார். 'மருத்துவர் (காலியிடம்) அவர்கள் நோயாளிகளிடம் புன்னகையுடன் பழகும் பயிற்சியைச் சிறப்பாக நிறைவு செய்தார்' என்று அதில் அச்சாகியிருந்தது. அதைச் சுவரில் மாட்ட வேண்டும் என்பதும் உத்தரவு. மாட்டிவிட்டு, பூட்டுக்காரர் மனைவியின் கட்டைப் பிரித்தார். மூன்று நாள் பிரிக்காத கட்டு. சிஸ்டர் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு மூச்சு விட்டார்.

"புன்னகைக்கச் சொல்லிக் குடுத்தாங்களே சிஸ்டர்?" என்றாள் மனைவி. சிஸ்டர் அழுதுவிட்டார்.

இந்த நிலையில்தான், யாரும் எதிர்பாராத விதமாக ஒரு டாக்டர் வந்து சேர்ந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி பஸ்ஸில் ஒரு பெட்டியோடு இறங்கி, மருந்தகத்துக்கு வழி கேட்டுக்கொண்டு வந்தார். முப்பது வயது இருக்கும் பெண். கையில் நியமன உத்தரவு. டாக்டர் அறைக் கதவைத் தட்டியபோது உள்ளே இருந்தவர்கள் கூட்டத்தில் இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். அவர் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, வராந்தாவில் எடை பார்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "யாரு முதல்ல?" என்றார்.

பூட்டுக்காரர் மனைவி அன்றைக்கு ஒன்பதாவது ஆள். வராந்தாக் கட்டிலில் படுக்க வைத்து, அரைமணி நேரம் புண்ணைச் சுத்தம் செய்தார் டாக்டர். இறந்த சதையை வெட்டி எடுக்கும்போது இடுக்கியில் ஏதோ மின்னியது. பஞ்சில் துடைத்து உயர்த்திக் காட்டினார். சுருண்டிருந்த ஒரு பித்தளைத் துகள். அரிசியில் பாதிகூட இருக்காது.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

பூட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

"பாத்திரக்கடைத் தெரு வழியாத்தான் டாக்டர் வேலைக்குப் போவேன்" என்றாள் மனைவி. "அங்க ஏறியிருக்கும்."

டாக்டர் மாத்திரை எழுதினார். சிஸ்டர் அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். இரண்டே கால் வருடத்தில் முதல்முறையாக அந்த அலமாரியிலிருந்து ஒரு மாத்திரை விதிப்படி வெளியே வந்தது. ஒன்று விட்டு ஒரு நாள் கட்டு மாற்றினார்கள். பதினேழு நாளில் புண்ணின் ஓரம் சிவந்து, நடுவே புதுச்சதை ஏற ஆரம்பித்தது. மனைவி வேலைக்கு அரைநாள் போனாள். வீட்டில் முணுமுணுப்பாக ஒரு பாட்டும் கேட்டது. பூட்டுக்காரர் தம் பட்டறை மேசைக்குச் சுற்றிலும் ஒரு தகரத் தடுப்பு அடித்தார்.

மூன்றாவது முறை அளக்க வந்த கேள்விப்பெண், அளவுகோலை இரண்டு தடவை வைத்துப் பார்த்தாள். ஒன்றரை. சிரித்தபடி படம் எடுத்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இதை நான் சொல்லித்தான் ஆகணும்க்கா" என்றாள்.

பதினெட்டாம் நாள் டாக்டர் அறையில் அவசரக் கலந்தாய்வு நடந்தது. இயக்குநர், சுகாதாரத் துறையின் துணை அதிகாரி, மக்கள் பிரதிநிதியாகப் பூட்டுக்காரர். முதன்முதலில் டாக்டர் எப்போது வருவார் என்று கேட்டவர் அவர்தான் என்பதால் அவர் பெயரைப் பதிவேட்டில் அப்போதே எழுதியிருந்தார்கள். டாக்டரை அழைக்கவில்லை. அவர் விவாதப் பொருள். வெளியே எடை இயந்திரத்துக்குப் பக்கத்தில் அவர் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

"நான் யாரையும் குறை சொல்ல வரலை" என்று இயக்குநர் தொடங்கினார். "அந்தப் பொண்ணு நல்ல டாக்டர். பிரச்சினையே அதுதான். பதினேழு நாள்ல இருநூத்திப் பதினோரு பேரைப் பாத்திருக்கு. ஒரு புண்ணு, நாங்க மாசாமாசம் அளந்து அக்கறையா வளர்த்துட்டு வந்த புண்ணு, பாதியாச் சுருங்கிப்போச்சு. இதை நான் எந்தக் கட்டத்துல எழுதறது? நாப்பது ஊர் இருந்தாத்தான் முடிவுக்குப் பலம். முப்பத்தொம்பதை எந்தச் சஞ்சிகையும் ஏத்துக்காது. இங்க இருக்குற நாலு பேரோட தற்காலிக நன்மைக்காக, உலகம் பூரா டாக்டர் இல்லாம தவிக்கிற கோடிக்கணக்கான மக்களுக்கு நாம துரோகம் பண்ணலாமா? எனக்குத் தூக்கமே வரலை சார்."

துணை அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார். "கவனக்குறைவுதான். துறை சார்பா வருத்தம் தெரிவிச்சுக்கறேன். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல இப்படித் திடீர்னு ஒரு ஊருக்கு டாக்டரை அனுப்பினதா எனக்கு ஞாபகமே இல்லை. ஒரே பேர்ல ரெண்டு ஊர் இருந்ததால வந்த குழப்பம். ஆனா உடனே திரும்பக் கூப்பிட்டா பத்திரிகைக்காரங்க எழுதுவாங்க."

"மக்கள் என்ன நினைக்கறாங்க?" என்று இயக்குநர் பூட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

அவ்வளவு குளிரான அறையில் பூட்டுக்காரர் உட்கார்ந்ததே இல்லை. "டாக்டர் இங்கயே இருக்கட்டும் சார்" என்றார். "அவ்வளவுதான் சார்."

"அற்புதம்" என்றார் இயக்குநர். நடவடிக்கைக் குறிப்பில் 'டாக்டர் இங்கேயே இருக்க வேண்டும் என மக்கள் விரும்புகின்றனர்' என்று எழுதச் சொன்னார். அதை வாய்க்குள் மறுபடி சொல்லிப் பார்த்தவர் முகம் மெல்ல மலர்ந்தது.

தீர்வு மறுநாளே வந்தது. 'மருத்துவர்கள் ஊர்களில் ஏன் தங்குவதில்லை' என்ற துணை ஆய்வுக்குத் தலைவராக டாக்டரை நிறுவனமே எடுத்துக்கொண்டது. அவர் இங்கேயே இருப்பார். அதே கட்டடத்தில், டாக்டர் அறையில். நோயாளிகளை மட்டும் பார்க்க மாட்டார். ஆக, காலியிடமும் பத்திரமாக இருந்தது, மக்களின் விருப்பமும் நிறைவேறியது.

கடைசியாகக் கட்டு மாற்றிய அன்று டாக்டர் தலை நிமிரவில்லை.

"எட்டு மாசத்துல ஆறு ஊருக்கு மாத்திட்டாங்கம்மா. ஒரு ஊர்லகூட உக்கார அறை கிடையாது. இப்ப ரெண்டு வருஷம் ஒரே இடத்துல இருக்கலாம்னு எழுதிக் குடுத்திருக்காங்க. எங்கம்மாவைக் கூட்டிட்டு வந்து வெச்சுக்கலாம். அவங்களுக்குப் பார்வை இல்லை."

"போங்கம்மா" என்றாள் மனைவி. "நீங்களும் எத்தனை நாள்தான் எடை மெஷினுக்குப் பக்கத்துல உக்காந்திருப்பீங்க."

"ஆறு வாரம் மாத்திரை எழுதியிருக்கேன். நிறுத்தாதீங்க. நிக்காதீங்க."

டாக்டர் எழுதிய சீட்டு ஏழு நாள்தான் செல்லும் என்பதும் ஒரு விதி. அது சிஸ்டருக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியாது. எட்டாம் நாள் சிஸ்டர் அலமாரிக்கு முன்னால் சாவியை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அன்றைக்குத் துறையிலிருந்து இருப்பு எண்ண வந்திருந்தார்கள்.

சலவைக் கடையில் உட்கார்ந்து தேய்க்க இடமில்லை. மனைவி நின்றாள்.

மருந்தகத்தில் நோயாளிகள் பழைய பழக்கத்தில் டாக்டர் அறை வாசலில் வந்து நின்றார்கள். கதவில் இருந்த கண்ணாடிச் சதுரத்தின் வழியே டாக்டர் உள்ளே கணினி முன்னால் உட்கார்ந்திருப்பது தெரியும். நிறுவனம் வாசலில் ஓர் ஆளைப் போட்டு, அந்த வரிசையில் எத்தனை பேர் எவ்வளவு நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறார்கள் என்று எழுத வைத்தது. நாலைந்து நாளில் உள்ளே இருந்து கண்ணாடியில் ஒரு காகிதம் ஒட்டப்பட்டது. ஒட்டியது டாக்டர்தான் என்று சிஸ்டர் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து, கேள்விப்பெண்ணோடு டாக்டரும் பூட்டுக்காரர் வீட்டுக்கு வந்தார். துணை ஆய்வுக்கான நேர்காணல். மனைவி கட்டிலில் படுத்திருந்தாள். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. போன மாதம் நான்கு சென்டிமீட்டர் என்று கேள்விப்பெண் எழுதிக்கொண்டு போயிருந்தாள்.

டாக்டர் காகிதத்தைப் பார்த்துப் படித்தார். "உங்கள் ஊரிலிருந்து மருத்துவர் விலகியபோது நீங்கள் எப்படி உணர்ந்தீர்கள்? வருத்தம், மிகுந்த வருத்தம், கருத்து இல்லை."

"நீங்கதானேம்மா போனீங்க?" என்றாள் மனைவி. "உங்களுக்குத் தெரியாதா?"

"நான் கேட்டுத்தான் எழுதணும்மா."

"வருத்தம்னு போட்டுக்கோங்க. மிகுந்த வேண்டாம். உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்."

கேள்விப்பெண் படம் எடுப்பதற்காகக் கட்டைப் பிரித்தாள். வாடை அறை முழுக்கப் பரவியது. டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். கேள்விப்பெண் அவசரமாக ஒரு படம் எடுத்துவிட்டு, "எனக்குத் தாகமா இருக்கு, வெளியில போய்த் தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

டாக்டர் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து காலைத் தொட்டுப் பார்த்தார். கணுக்கால் வரைக்கும் கறுத்திருந்தது. கேள்வித்தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் கடகடவென்று எழுதிப் பூட்டுக்காரர் கையில் திணித்தார்.

"இன்னிக்கே போங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க. அடுத்த பஸ்ஸுக்கே போங்க."

பெரிய ஆஸ்பத்திரிச் சன்னலில் இருந்தவர் காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இது பரிந்துரைக் கடிதம் இல்லையே. இதுல 'எப்படி உணர்ந்தீர்கள்'னு இருக்கு."

"பின்னாடி பாருங்க சார். டாக்டர் எழுதினது."

"எந்த ஊர் டாக்டர்?"

பூட்டுக்காரர் ஊர்ப் பெயரைச் சொன்னார். அவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "அங்க காலியிடம்னு போட்டிருக்கே" என்றார்.

பூட்டுக்காரர் வெளித்தாழ்வாரத்துப் பெஞ்சில் நாலு மணி நேரம் அவளைக் கிடத்தியிருந்தார். அந்த வழியாகப் போன ஒரு டாக்டர் நாலு அடி தள்ளிப் போய், வாடைக்குத் திரும்பி வந்து கட்டை விலக்கிப் பார்த்தார். அதற்குப் பிறகு யாரும் கடிதம் கேட்கவில்லை. மறுநாள் காலையில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் விரல்களோடு போயிருக்கும் என்று அந்த டாக்டர் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நான்காம் நாள் அவளுக்கு நினைவு தெளிந்து பேச்சு வந்தது. பூட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் தம் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது என் அரத்துலேருந்து விழுந்த துகள்தான்" என்றார்.

"தெரியும்."

"எப்பத்துலேருந்து?"

"நாளைக்கு அஞ்சு தடவை யாருங்க பெருக்குவாங்க? விளக்குமாத்துச் சத்தத்துலயே தெரிஞ்சுபோச்சு." கண்ணை மூடிக்கொண்டாள். "விடுங்க."

ஊருக்குத் திரும்பியபோது டாக்டர் அங்கே இல்லை. ஆய்வின் நடுவே தலையிட்டதற்காக நிறுவனம் அவரிடம் விளக்கம் கேட்டிருந்தது. அவர் விளக்கம் எழுதவில்லை. 'மருத்துவர்கள் ஏன் தங்குவதில்லை' படிவம் ஒன்றை எடுத்துத் தம் பெயரையும் ஊரையும் நிரப்பி, காரணம் என்ற இடத்தைக் காலியாக விட்டு, மேசைமேல் வைத்துவிட்டுப் பெட்டியோடு பஸ் ஏறியிருந்தார். துணை ஆய்வுக்கு ஒரு டாக்டரிடமிருந்து கிடைத்த முதல் படிவம் அது. முக்கியமான இடம் நிரப்பப்படாததால் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

கேள்விப்பெண் வழக்கமான தேதிக்கு அளவுகோலோடு வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். எதை அளப்பது என்று தெரியவில்லை. போன் செய்து கேட்டாள். மறுமுனையில் வெகுநேரம் பேசினார்கள். கடைசியில் அவள் கருவியில் எதையோ அமுக்கிவிட்டு, உள்ளே வந்து, மனைவியின் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து, ஒரு கேள்வியும் கேட்காமல் சாயங்காலம் வரை இருந்துவிட்டுப் போனாள்.

ஆய்வு முடிந்து அறிக்கை வெளியிடும் விழா தலைநகரில் ஒரு பெரிய ஹோட்டலில் நடந்தது. பயனாளிகள் என்று ஊருக்கு இருவரைக் கூப்பிட்டிருந்தார்கள். பூட்டுக்காரரும் ஊன்றுகோலோடு மனைவியும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். வாசல் கம்பளம் தடிமனாக இருந்தது. ஊன்றுகோலின் நுனி அதில் புதைந்து புதைந்து எழுந்தது.

இயக்குநர் மேடையில் நின்றார். "இரண்டு வருட உழைப்பு. நாற்பது ஊர்கள். பதினெட்டாயிரம் நேர்காணல்கள். இன்று ஆதாரத்தோடு சொல்ல முடியும்: மருத்துவர் இல்லாத ஊர்களில், மக்கள் மருத்துவரைச் சந்திப்பதில் சிரமப்படுகிறார்கள்." கைதட்டல் அடங்கும் வரை காத்திருந்தார். "இதற்குத் தீர்வு என்ன என்று கேட்கிறார்கள். அவசரப்படக் கூடாது. தீர்வுகளால் இந்த நாடுகள் பட்டது போதும். முதலில் இன்னும் ஆழமாக ஆராய வேண்டும். இரண்டாம் கட்டத்துக்கு எல்லா ஏற்பாடும் ஆகிவிட்டது. இன்னொரு மகிழ்ச்சியான செய்தி. அந்த நாற்பது ஊர்களிலும் இந்த நிமிடம் வரை ஒரு மருத்துவர்கூட இல்லை. துறையின் முழு ஒத்துழைப்பு இல்லாமல் இது சாத்தியமே இல்லை." துணை அதிகாரி எழுந்து எல்லாப் பக்கமும் கும்பிட்டார். இந்த முறை கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

தேநீர் இடைவேளையில் பக்கத்துக் கூடத்தில் புகைப்படக் கண்காட்சி. பூட்டுக்காரர் தேநீர் வாங்கப் போய்த் திரும்பியபோது மனைவி ஒரு சுவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஐந்து படங்கள், ஒவ்வொன்றும் கதவு அகலத்துக்கு, கண்ணாடிச் சட்டத்தில். அவளுடைய வலது பாதம். பக்கத்தில் காகித அளவுகோல். முதல் படத்தில் ஐந்து விரலும் தெரிந்தன. சுண்டு விரலில் அவள் எப்போதும் போட்டிருக்கும் மெல்லிய வளையம்கூடத் தெரிந்தது. ஐந்தாவது படத்தைப் பூட்டுக்காரர் பார்க்கவில்லை.

வேறு நாட்டிலிருந்து வந்திருந்த விருந்தினர் ஒருவர் படங்களைக் குனிந்து உற்றுப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். பக்கத்தில் நின்ற இயக்குநர் தம் உதவியாளரிடம் கேட்டார். உதவியாளர் பட்டியலைப் புரட்டினார்.

"ஐந்தாவது அளவுக்குப் பிறகு இவங்க தொடர்புல இல்லை சார். காரணம் தெரியலை."

"நான் இங்கதாங்க இருக்கேன்" என்றாள் மனைவி.

இயக்குநர் திரும்பினார். அவள் முகத்தையும் ஊன்றுகோலையும் பார்த்தார். இரண்டு கைகளாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ரொம்ப சந்தோஷம்மா. அவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்கீங்க. தேநீர் எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு விருந்தினரை அடுத்த சுவருக்கு அழைத்துக்கொண்டு போனார்.

அவள் உதவியாளரை விடவில்லை. "தம்பி, அந்த முதல் படம் எனக்கு ஒண்ணு கிடைக்குமா? இவ்வளவு பெருசு வேண்டாம். சின்னதா இருந்தாப் போதும்."

"அது நிறுவனத்தோட தரவும்மா. வெளியில குடுக்க முடியாது."

"என் காலுப்பா."

"புரியுதும்மா. விண்ணப்பம் ஒண்ணு எழுதிக் குடுங்க. நெறிமுறைக் குழு பாத்துட்டு உங்களைத் தொடர்பு கொள்ளுவாங்க." பட்டியலை மறுபடி பார்த்தான். "ஆனா நீங்க தொடர்புல இல்லைன்னு இருக்கே."

சாயங்காலப் பஸ்ஸில் கூட்டமில்லை. படி உயரமாக இருந்ததால் பூட்டுக்காரர் அவளைத் தூக்கி ஏற்றி, சன்னலோரத்தில் உட்கார வைத்து, ஊன்றுகோலைக் காலடியில் கிடத்தினார். பஸ் நகரத்தைத் தாண்டியது.

"பாத்தீங்களா?" என்றாள் பிறகு. "எனக்கு அழகான பாதம்தான், இல்ல? இத்தனை வருஷத்துல நான் கவனிச்சதே இல்லை."

நடத்துநர் வந்து எங்கே போக வேண்டும் என்று கேட்டார். அவள்தான் ஊர்ப் பெயரைச் சொன்னாள்.